நுண்கால்வாய் சிப்பில் தண்ணீரை ஓட வைப்பது: பிளாஸ்டிக் மேற்பூச்சுக்கு ஒரு முழு வழிகாட்டி

அக்ரிலிக் சிப் ஒன்றின், அதாவது உள்ளே மெல்லிய கால்வாய் ஓடும் சிறு பிளாஸ்டிக் தகட்டின், வாயில் ஒரு துளி தண்ணீர் வைக்கிறீர்கள். உள்ளே போகவேண்டிய துளி வாயிலேயே உருண்டு நிற்கிறது. விரலால் தட்டினால் ஒரு பக்கம் சாய்கிறதே தவிர இறங்குவதில்லை. சிரிஞ்சால் அழுத்தித் தள்ளினால் போகும். ஆனால் வளைவில் ஒரு காற்றுக்குமிழியை விட்டுவிட்டுப் போகும். அந்தக் குமிழி சோதனை முடியும்வரை அங்கேயே குந்திக்கொண்டிருக்கும். கால்வாயின் அகலத்தையும் வளைவையும் எத்தனை தடவை மாற்றி வரைந்தாலும் இது தீராது. கோளாறு வரைபடத்தில் இல்லை, பிளாஸ்டிக்கின் தோலில் இருக்கிறது.

அந்தத் தோலை மாற்றும் வேலைதான் மேற்பூச்சு. பேராதனையிலோ பதுளையிலோ இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்கிறவர்களையும், ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம்: பீலித் தண்ணீரிலோ மரக்கறித் தோட்டத்துக் கிணற்றிலோ நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்துக் காட்டும் சிறு சிப். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. யூரியா போட்ட மண்ணுக்குக் கீழே ஊற்று இருந்தால் கேட்கவேண்டிய கேள்விதான் இது.

மின்னேற்றிய ஒட்சிசன் வாயுவால் பரப்பை மாற்றும் ஒட்சிசன் பிளாஸ்மா இயந்திரம் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்று பலர் நினைத்து ஆரம்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. பிளாஸ்மா இருந்தால் சில வேலை சுலபம், அவ்வளவுதான். எந்தப் பூச்சு என்பதைத் தீர்மானிப்பது உங்களிடம் உள்ள இயந்திரம் அல்ல. கால்வாய்க்குள் போகப்போகும் திரவமும், சிப் எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்பதும்தான்.

முதலில் கணக்கு

தண்ணீர்த் துளி ஒரு பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணம்தான் தொடுகோணம். உயர்தரப் பௌதிகத்தில் படித்ததுதான். தோமஸ் யங் 1805-இல் விளக்கியது. 90°-க்குக் கீழே என்றால் மயிர்த்துளை விசை தண்ணீரை உள்ளே இழுக்கும். மேலே என்றால் வெளியே தள்ளும். நன்றாகச் சுத்தம் செய்த கண்ணாடியில் 20°-க்கும் குறைவு. அக்ரிலிக்கில் 70° முதல் 75° வரை. ஓவர்ஹெட் தாளாக வரும் பொலியெஸ்டரில் 75°–80°. பொலிஸ்டைரீனில் 90°-ஐ ஒட்டி. ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும் சிலிக்கோன் இறப்பரான பீடிஎம்எஸ்ஸில் 105°–110°.

இரண்டு தகடுகளுக்கு நடுவே 0.1 மில்லிமீற்றர் இடைவெளி விட்ட கால்வாயை எடுப்போம். இழுக்கும் அமுக்கம் என்பது பரப்பிழுவிசையின் இரு மடங்கைத் தொடுகோணத்தின் கோசைனால் பெருக்கி இடைவெளியால் வகுத்தது. தண்ணீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு 0.072 நியூட்டன். தொடுகோணம் 40° என்றால் சுமார் 1,100 பாஸ்கல் கிடைக்கும், அதாவது 11 சென்ரிமீற்றர் நீர்நிரலுக்குச் சமம். 80° என்றால் 250 பாஸ்கல்தான். 110° என்றால் குறி மாறிவிடும்: தண்ணீரை உள்ளே தள்ளவே 5 சென்ரிமீற்றர் நீர்நிரல் வேண்டும்.

80°-இலும் அமுக்கம் உள்ளே இழுக்கும் பக்கம்தானே இருக்கிறது, பிறகேன் துளி வாயில் நிற்கிறது? இங்கேதான் ஏட்டுக் கணக்குக்கும் மேசைக்கும் இடையில் இடைவெளி. அசையாத துளியின் கோணம் ஒன்று, முன்னேறும் நீர்முனையின் கோணம் இன்னொன்று. பின்னது எப்போதும் பெரியது. அதோடு துளை கால்வாயைச் சந்திக்கும் கூரான விளிம்பில் நீர்முனை பிடிபட்டுக்கொள்ளும். 75° என்று அளந்த பரப்பு, ஓடும்போது 85° அல்லது 90° போலவே நடந்துகொள்ளும். எனவே பூச்சுப் பூசி 50°-க்குக் கீழே இறக்கினால்தான் நிம்மதி என்பது என் கணிப்பு. 10° வரை இறக்கப் பாடுபடத் தேவையில்லை.

வேகமும் மாறும். 4 சென்ரிமீற்றர் நீளக் கால்வாய் 40°-இல் ஒரு செக்கனுக்குள் நிறையும். 80°-இல் ஏறத்தாழ 4 செக்கன், அதுவும் எங்கும் பிடிபடாவிட்டால். பிசுக்குமை கூடினால் நேரமும் அதே விகிதத்தில் கூடும். 25° செல்சியஸில் தண்ணீரின் பிசுக்குமை 0.89 மில்லிபாஸ்கல் செக்கன், 15°-இல் 1.14. கொழும்பில் எழுதிய செய்முறையை நுவரெலியாவில் மார்கழிக் காலையில் செய்தால் சிப் கால்வாசிக்கும் மேல் மெதுவாக நிறைவது இதனால்தான். பூச்சைக் குற்றம் சொல்ல முன் அறையின் வெப்பமானியைப் பாருங்கள்.

இன்னொரு நல்ல செய்தி: கால்வாய் 2 மில்லிமீற்றர் அகலமும் 0.1 மில்லிமீற்றர் உயரமும் என்றால் பக்கச் சுவர்களின் பங்கு மிகச் சிறியது. மேல், கீழ்த் தகடுகளைப் பூசினால் போதும். நடுவில் வைக்கும் இருபக்க ஒட்டுநாடாவின் ஓரம் தண்ணீரை விரும்பாவிட்டாலும் கவலையில்லை.

எந்தப் பூச்சு என்று தீர்மானித்தல்

மூன்று வழிகளைத்தான் இங்கே எடுக்கிறேன். ஒன்று, ட்வீன் 20 போன்ற சவர்க்காரத் தன்மையுள்ள பொருளைக் கால்வாய்க்குள் காயவிடுவது. இரண்டாவது, டானிக் அமிலமும் இரும்பும் சேர்ந்த கறுப்புப் படலம். மூன்றாவது, பொலிவைனைல் அற்ககோல், சுருக்கமாக பீவீஏ.

ஒரே தடவை பயன்படுத்தி வீசும் சிப் என்றால் ட்வீனோடு நின்றுவிடுங்கள். இதை இவ்வளவு நேராக எவரும் சொல்வதில்லை, ஆனால் பாதிப் பேருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. முதல் தண்ணீர் உள்ளே போகும்போதே கரைந்து போய்விடும். போகட்டும், அதன் வேலை அந்த ஒரு தடவைதான்.

டானிக் அமில வழிக்கு இந்த மலைநாட்டில் ஒரு சொந்தம் உண்டு. பிளேன்டீ குடித்த பிளாஸ்டிக் கோப்பையில் தேய்த்தாலும் போகாத கறை படிகிறதே, அதே பொலிபீனோல் குடும்பத்தின் வேலைதான் இதுவும். 2013-இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே வெளியிட்டன. மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கருசோவின் குழு டானிக் அமிலத்தையும் இரும்பையும் சேர்த்து, சில செக்கன்களில் எந்தப் பரப்பிலும் படியும் படலத்தை உண்டாக்கியது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் பிலிப் மெசர்ஸ்மித்தின் குழு தேயிலை, சொக்லேட், வைன் ஆகியவற்றில் உள்ள பொலிபீனோல்களால் நிறமற்ற பூச்சு செய்யலாம் என்று காட்டியது. சிப்பியின் பசையைப் பார்த்து டோப்பமின் பூச்சை 2007-இல் கொண்டுவந்ததும் மெசர்ஸ்மித் குழுதான். டோப்பமினும் நல்ல பூச்சு, ஆனால் விலை கூட, 24 மணிநேரம் ஊறவேண்டும்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தேயிலையில் இருப்பது டானிக் அமிலம் அல்ல. கற்றேகின்களும், அவை ஒட்சியேறி உண்டாகும் தியாபிளேவின் முதலியவையும். எனவே தொழிற்சாலைத் தூசித் தேயிலையைக் காய்ச்சி ஊற்றினால் இதே செய்முறை இதே அளவில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டானிக் அமிலத்துக்கு நெருங்கிய உறவு கடுக்காய்தான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இந்த இரசாயனமேதான்.

இப்போது இந்தப் பூச்சின் பலவீனம். படலத்தைக் கட்டி வைத்திருப்பது இரும்புக்கும் பொலிபீனோலுக்கும் இடையிலான பிணைப்பு. பிஎச் இறங்கினால் அது அவிழும்: 4-க்குக் கீழே விரைவாக, 5-ஐ ஒட்டி மெதுவாக. தேயிலை மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருப்பதுதான் நல்லது என்பார்கள். அந்த மண்ணைக் கரைத்து எடுத்த சாற்றை இந்தப் பூச்சுள்ள சிப்பில் நாள்கணக்கில் வைக்க முடியாது. தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஈடிடிஏ இரும்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இரும்பை அளக்கும் சோதனைக்கு இந்தப் பூச்சு ஆகாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நமது நைத்திரேற்றுச் சோதனைக்கும் ஆகாது. அந்தச் சோதனையில் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றி, பிறகு கிரீஸ் (Griess) தாக்குபொருளால் இளஞ்சிவப்பு நிறம் வரவைப்போம். கிரீஸ் தாக்குபொருள் அமிலத்தில் இருக்கிறது, படலம் அவிழும். அதோடு பொலிபீனோல்கள் அமிலத்தில் நைத்திரைற்றைத் தாமே பிடித்துக்கொள்ளும். விளைவு, உண்மையை விடக் குறைந்த அளவு காட்டும். தண்ணீர் நல்லது என்று பொய் சொல்லும் சிப்பைவிட மோசமானது எதுவுமில்லை. பொசுபேற்றை நீல நிறத்தால் அளக்கும் மொலிப்டேற்றுச் சோதனையில் நேர்மாறு: கசியும் டானின் தாழ்த்தியாக வேலை செய்து இல்லாத பொசுபேற்றைக் காட்டக்கூடும்.

ஆக, நடுநிலை பிஎச்சில் ஓடும் திரவம், துளிகளை நகர்த்திக் காட்டும் செய்முறை, பரப்பிழுவிசைப் பாடம் இவற்றுக்கு டானிக் அமிலம். அமிலத் தாக்குபொருள் உள்ள நிறச் சோதனைக்கு ட்வீன் அல்லது பீவீஏ. ஒரே சிப் பல வாரம் திரும்பத் திரும்ப உழைக்கவேண்டும் என்றால் பீவீஏதான்.

படி 1: பிளாஸ்டிக்கைத் தயார் செய்தல்

2 மில்லிமீற்றர் அக்ரிலிக் தகட்டை விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் லேசரால் வெட்டித் தருவார்கள். வெட்டி வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை கழுவுவதல்ல, சூடாக்குவது. லேசர் வெட்டிய விளிம்பில் தகைப்பு தங்கியிருக்கும். அதன்மேல் அற்ககோல் பட்டால் கண்ணாடியில் விழும் மயிரிழைக் கீறல்போல் விளிம்பு முழுவதும் நுண்வெடிப்பு ஓடும். 80° செல்சியஸ் அடுப்பில் சில மணிநேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே ஆறவிடுங்கள். அதற்குப் பிறகும் அக்ரிலிக்கை அற்ககோலால் துடைப்பதை நான் தவிர்ப்பேன். அசற்றோனை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கழுவ, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு, மென்மையான பஞ்சு, நிறையத் தண்ணீர். கடைசி மூன்று அலசலும் காய்ச்சி வடித்த தண்ணீரில். எரிபொருள் நிலையத்தில் பெற்றரிக்கு ஊற்ற விற்கும் அயன் நீக்கிய தண்ணீரும் சரிதான். போத்தலில் இருப்பது பெற்றரித் தண்ணீரா, பெற்றரி அசிற்றா என்று மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டு வாங்குங்கள். சவர்க்காரம் மிச்சமிருந்தால் பூசாத தகடும் பூசிய தகடுபோல் நடிக்கும்.

பீடிஎம்எஸ் வார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில்கார்ட் 184 என்ற பெயரில் விற்கும் பீடிஎம்எஸ் 25° செல்சியஸில் 48 மணிநேரத்திலும் 100°-இல் 35 நிமிடத்திலும் இறுகும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். மலையுச்சிக் குளிரில் அறை வெப்பத்தை நம்பி வைத்தால் மூன்றாம் நாளும் பிசுபிசுக்கும். இறுகாத சிறு மூலக்கூறுகள்தான் பிறகு பூச்சைக் கெடுப்பவை. எனவே 80°-இல் சில மணிநேரம் கூடுதலாகவே வையுங்கள். குமிழி நீக்க வெற்றிடப் பம்பியைப் போடும்போது மானி கொழும்பில் காட்டுவதுபோல் வளிமண்டலத்துக்குக் கீழே 100 கிலோபாஸ்கல் வரை இறங்காது. நுவரெலியாவில், கடல்மட்டத்திலிருந்து 1,870 மீற்றர் உயரத்தில், வளிமண்டல அமுக்கமே 81 கிலோபாஸ்கலை ஒட்டித்தான். பம்பி பழுது என்று கழற்றாதீர்கள்.

படி 2: பூசுவதற்கு முன் அளத்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. தகட்டை மட்டமான மேசையில் வையுங்கள். பின்னால் வெள்ளைத் தாள், அதற்கும் பின்னால் ஒரு விளக்கு. தொலைபேசியைத் தகட்டின் மட்டத்துக்கே இறக்கி, பக்கவாட்டில் துளியைப் பார்க்கும்படி புத்தகங்களுக்கு நடுவே சொருகுங்கள். கமெராவுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் வில்லை (மேக்ரோ) ஒன்று கிடைத்தால் நல்லது.

துளி 3 முதல் 5 மைக்ரோலீற்றர் இருக்கவேண்டும். பெரிய துளி தன் எடையாலேயே தட்டையாகி, கோணத்தைக் குறைத்துக் காட்டும். நுண்குழாய்க் கருவி இல்லாவிட்டால் இன்சுலின் சிரிஞ்ச்: 100 அலகுச் சிரிஞ்சில் ஒரு அலகு 10 மைக்ரோலீற்றர், எனவே அரை அலகு. ஊசிமுனையில் தொங்கும் துளியைத் தகட்டை உயர்த்தித் தொடவைத்து எடுங்கள். மேலிருந்து விழவிட வேண்டாம்.

படத்தில் துளியின் அடி விட்டத்தையும் உயரத்தையும் அளக்கவும். உயரத்தின் இரு மடங்கை அடி விட்டத்தால் வகுத்து, அதன் நேர்மாறு தாஞ்சனை இரண்டால் பெருக்கினால் தொடுகோணம். அடி 3.0 மில்லிமீற்றர், உயரம் 0.8 என்றால் 56°. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் கோட்டை இழுத்தே இதைச் செய்யலாம். ஒரு தகட்டில் ஐந்து இடமாவது அளந்து, சராசரியோடு மிகக் கூடியதையும் குறைந்ததையும் எழுதி வையுங்கள். இடத்துக்கு இடம் 15° வேறுபட்டால் கழுவியது போதவில்லை.

பனிமூட்டம் ஜன்னல்வழி உள்ளே வரும் நாளில் அளக்காதீர்கள். குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். துளி அதோடு சேர்ந்து பரவும். விளக்கின் கீழ் பத்து நிமிடம் வைத்து, அறையைவிடச் சற்றுச் சூடாக இருக்கும்போது துளியை வையுங்கள்.

படி 3: பூசுதல்

ட்வீனுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 0.1 மில்லிலீற்றர் ட்வீன் 20; பாகுபோல் இருப்பதால் மெதுவாக உறிஞ்சி மெதுவாக விடவேண்டும். நுரைக்காமல் கலக்கி, கால்வாய்த் தகட்டில் பரப்பி, 40°–50°-இல் காயவிடுங்கள். வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் அளவு கூடிப்போயிற்று.

டானிக் அமிலப் பூச்சு வேகமானது. அதனால்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைக்கவேண்டும். டானிக் அமிலம் 40 மில்லிகிராமை 5 மில்லிலீற்றர் தண்ணீரில் கரையுங்கள், மங்கிய மஞ்சள். நீரேறிய பெரிக் குளோரைட்டு 10 மில்லிகிராமை இன்னொரு 5 மில்லிலீற்றரில். இலத்திரனியல் கடைகளில் செப்புத் தகட்டை அரிக்க விற்பதும் பெரிக் குளோரைட்டுத்தான், ஆனால் தூய்மை தெரியாது. பாடசாலைச் செய்முறைக்குப் போதும், அளவீட்டுக்குப் போதாது. இரண்டையும் ஒரே நாளில் கரைத்து அன்றே பயன்படுத்துங்கள். காற்றில் வைத்த டானிக் அமிலக் கரைசல் நாளடைவில் பழுப்பாகும்.

பீக்கரில் 90 மில்லிலீற்றர் அயன் நீக்கிய தண்ணீர், அதில் தகடுகள் செங்குத்தாக. படுக்கவைத்தால் மேலே துணிக்கைகள் படிந்து சொரசொரப்பாகும். டானிக் அமிலத்தை ஊற்றிக் கலக்குங்கள். பிறகு பெரிக் குளோரைட்டு. ஊற்றிய கணத்திலேயே பீக்கர் மைபோல் நீலக்கறுப்பாக மாறும். பத்து செக்கன் கலக்கி, பிஎச்சை 7.5-க்கும் 8-க்கும் இடையில் உயர்த்துங்கள். பிஎச்சை மாறாமல் தாங்கி வைத்திருக்கும் மொப்ஸ் தாங்கற்கரைசல் இருந்தால் அது. இல்லாவிட்டால் அப்பச்சோடாவின் ஐதான கரைசல் சொட்டுச் சொட்டாக, பிஎச் தாளைப் பார்த்தபடி. நீலக்கறுப்பு கருஞ்சிவப்பாகத் திரும்பும்போது ஒவ்வொரு இரும்பு அயனையும் மூன்று பொலிபீனோல் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். படலம் இறுகுவது அப்போதுதான். ஒரு நிமிடம் விட்டு, தகடுகளை எடுத்து அலசுங்கள்.

இந்த ஒரு சுற்றில் படிவது சுமார் 10 நனோமீற்றர். அதே கரைசலில் மணிக்கணக்கில் ஊறவிட்டால் தடிப்பாகும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் ஆகாது. கரைசலில் மிச்சமிருப்பது தமக்குள்ளேயே கட்டிப்பட்டு, தகட்டுக்கு வராமல் மிதக்கும். தடிப்பு வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் புதுக் கரைசலில் மூன்று முதல் ஐந்து சுற்று. வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் மெல்லிய சாம்பல் சாயல் தெரியும். நிறத்தை அளக்கும் சிப் என்றால் இந்தச் சாயலையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பீவீஏக்கு வருவோம். வாங்கவேண்டியது வெள்ளைத் தூள் அல்லது மணி. மரவேலைக்கு விற்கும் வெள்ளைப் பசையும் கடையில் இதே சுருக்கப் பெயரில் கிடைக்கும். அது பொலிவைனைல் அசற்றேற்று, இதற்கு உதவாது. 87–89 வீதம் நீர்ப்பகுப்பானது கரைய இலகு. 98 வீதத்துக்கு மேற்பட்டது கரையச் சிரமம், ஆனால் சூடாக்கியபின் நன்றாகப் பளிங்காகித் தண்ணீரில் கரையாமல் நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம்.

1 கிராம் தூளைக் குளிர்ந்த 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கலக்கியபடி தூவுங்கள். சுடுதண்ணீரில் கொட்டினால் வெளியே பசையாகி உள்ளே காய்ந்த கட்டியாக நிற்கும், பிறகு எந்தச் சாமியாலும் கரைக்க முடியாது. தூவியபின் பீக்கரைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கவும். தேவை 85°–90°. நுவரெலியாவில் தண்ணீர் 94°-ஐ ஒட்டிக் கொதிப்பதால் இந்தப் பாத்திரமே வெப்பக் கட்டுப்பாடாகிவிடுகிறது. உயரத்தில் இருப்பதன் அபூர்வமான இலாபம். ஒரு மணிநேரத்தில் தெளியும். ஆறவிட்டு வடிகட்டுங்கள்.

பிளாஸ்டிக்கில் நேரடியாகத் தடவினால் பீவீஏ காயும்போது திட்டுத் திட்டாக ஒதுங்கும். முதலில் பரப்பில் தண்ணீரை விரும்பும் ஐதரொட்சில் கூட்டங்களை உண்டாக்கவேண்டும். ஒட்சிசன் பிளாஸ்மா என்றால் ஒரு நிமிடம் போதும். கையில் பிடிக்கும் கொரோனா மின்னிறக்கக் கருவியும் செய்யும். ஓசோன் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். புறஊதா விளக்கு என்றால் 185 நனோமீற்றர் கதிரையும் விடும் வகையாக இருக்கவேண்டும். கிருமி கொல்ல வாங்கிய 254 நனோமீற்றர் விளக்குகளில் பெரும்பாலானவை அந்தக் கதிரை விடாதபடி செய்யப்பட்டவை. அவற்றின் கீழ் நாள் முழுக்க வைத்தாலும் பெரிய மாற்றம் வராது. நுண்ணலை அடுப்புக்குள் பிளாஸ்மா உண்டாக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாம்.

பிளாஸ்மாவிலிருந்து எடுத்த பீடிஎம்எஸ் காத்திருக்காது. உள்ளேயிருந்து சிறு சிலிக்கோன் மூலக்கூறுகள் மேலே ஊர்ந்து வந்து, சில மணிநேரத்திலிருந்து சில நாட்களுக்குள் பரப்பைப் பழையபடி தண்ணீர் ஒட்டாததாக்கிவிடும். எனவே பத்து நிமிடத்துக்குள் கால்வாயை பீவீஏக் கரைசலால் நிரப்புங்கள். பத்து நிமிடம் நிற்கட்டும். சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, காற்றை ஊதிக் கால்வாய் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, 110°-இல் 15 நிமிடம் சூடாக்குங்கள். இதை மூன்று தடவை செய்யவும். உடனே பூச முடியாத நிலை வந்தால் சிப்பைத் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள். காற்றில் வைப்பதைவிட அதிக நேரம் தாங்கும்.

அக்ரிலிக்குக்கு 110° ஆகாது. 105°-ஐ ஒட்டி அது இளகும். 75°–80°-இல் ஒரு மணிநேரம் வையுங்கள். பூச்சு சற்றுப் பலவீனமாகத்தான் இருக்கும். அதனால் நீண்ட நாள் சிப்புக்குக் கால்வாயின் இரு முகங்களையும் பொலியெஸ்டர் தாளில் செய்து, அக்ரிலிக்கை வெறும் தாங்கியாக வைப்பது புத்திசாலித்தனம்.

படி 4: எங்கே பூசக்கூடாது

கால்வாய் முழுவதும் பூசினால் தண்ணீர் எங்கேயும் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். தாக்குபொருளோடு கலந்து ஒரு நிமிடம் நிற்கவேண்டிய இடத்துக்கு அப்பால், 2 மில்லிமீற்றர் நீளத்தைப் பூசாமல் விடுங்கள். வினைல் ஸ்டிக்கரில் துண்டு வெட்டி அந்த இடத்தை மறைத்துப் பூசி, பிறகு உரித்தால் சரி. பூசாத பொலியெஸ்டரின் விளிம்பில் நீர்முனை தயங்கி நிற்கும். பின்னாலிருந்து ஒரு துளி கூடுதலாக விட்டால் தாண்டும். பம்பியும் வேண்டாம், வால்வும் வேண்டாம். உறுதியான தடுப்பு வேண்டுமானால் அந்த இடத்தில் மெழுகு தடவலாம். குடைக்கும் சப்பாத்துக்கும் அடிக்கும் புளோரின் கலந்த தெளிப்பான்கள் இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் அந்தச் சேர்வைகள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் கிடப்பவை. குடிதண்ணீரைச் சோதிக்கும் சிப்புக்கு அவற்றைப் பூசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒட்டுநாடா பிடிக்கவேண்டிய ஓரங்களையும் மறைத்தே பூசுங்கள். பீவீஏ படிந்த ஓரத்தில் ஈரம் பட்டால் நாடா மெதுவாக விடும். கசிவு இரண்டாம் நாள்தான் தெரியவரும்.

படி 5: உண்மையில் உழைக்குமா என்று பார்த்தல்

பூசிய அன்று தொடுகோணம் அளந்து திருப்திப்படுவது அரைவேலை. மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் அளக்கவும். தனியாக ஒரு தகட்டை நனைத்துக் காயவிட்டு, பத்துச் சுற்று முடிந்தபின் அளக்கவும். 50°-க்குக் கீழே நின்றால் நல்லது. சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போனால் பூச்சு ஒட்டவில்லை, கழுவுப்பட்டுப் போகிறது.

பிறகு சிப்பைப் பொருத்தி நிறையும் நேரத்தை வீடியோவில் எடுத்து எண்ணுங்கள். நிறத்துக்குக் கேக் சாயம் விடுகிறவர்கள் கவனிக்கவேண்டும்: அதில் கிளைக்கோல் கலந்திருக்கலாம், அது தண்ணீரைப் பரவவைக்கும். பீலியில் பிடித்த தண்ணீரும் அப்படித்தான். மேலே யாராவது துணி துவைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சவர்க்காரம் பூசாத சிப்பையும் ஓடவைக்கும், பூச்சு நன்றாக இருக்கிறது என்று நம்பவைக்கும். முதல் சோதனை எப்போதும் சுத்தமான, நிறமில்லாத தண்ணீரில். நீர்முனையைப் பார்க்கப் பக்கவாட்டு வெளிச்சம் போதும்.

நைத்திரேற்றுச் சிப்புக்கு இன்னொன்றும் வேண்டும். அளவு தெரிந்த நைத்திரேற்றுக் கரைசலைப் பூசிய சிப்பிலும், பூசாத கண்ணாடிக் குழாயிலும் ஒரே நேரத்தில் ஓட்டி நிறத்தை ஒப்பிடுங்கள். அயன் நீக்கிய தண்ணீரை வெற்றுமாதிரியாகவும் ஓட்டுங்கள். இரண்டு நிறமும் பொருந்தாவிட்டால், தண்ணீர் எவ்வளவு அழகாக ஓடினாலும் அந்தப் பூச்சைக் கைவிடவேண்டியதுதான்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

தண்ணீர் கால்வாயின் நடுவில் நின்றால், அந்த இடத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்; பெரும்பாலும் ஒட்டுநாடாவின் பசை வழிந்திருக்கும் அல்லது விரல் ரேகை இருக்கும். வாயிலில் மட்டும் நின்றால் துளையின் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் சாய்வாக்கி, அந்தச் சாய்விலும் பூச்சைத் தொட்டுவையுங்கள். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடினால் தகடுகளின் இடைவெளி சமமில்லை. டானின் படலம் கையோடு வந்தால் பிஎச் உயரவில்லை. பீவீஏ வெள்ளையாக உரிந்தால் கரைசல் கூடிப்போயிற்று அல்லது சுற்றுகளுக்கு இடையில் காயவில்லை.

மழை மாதங்களில் பெரிய எதிரி பூஞ்சணம். பீவீஏயும் ட்வீனும் அதற்குச் சாப்பாடு. பூசிய சிப்புகளை நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான பிஸ்கட் தகரத்தில் வையுங்கள். ஜெல்லை மாதத்துக்கு ஒரு தடவை 120° அடுப்பில் உலர்த்தினால் திரும்பப் பயன்படும்.

டானிக் அமில வேலை முடிந்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் அப்படியே ஊற்றினால் வெள்ளைப் பீங்கான் கறுத்துவிடும். கை, மேசை, மேலங்கி எல்லாவற்றிலும் அதே கறை. ஒரு வாளியில் சேர்த்து ஒரு நாள் விட்டால் பெரும்பகுதி அடியில் மண்டியாகப் படியும். தெளிந்ததை நிறையத் தண்ணீரோடு விட்டு, மண்டியைத் தாளில் வடித்துக் காயவைத்துத் திண்மக் கழிவோடு சேர்க்கவும். பீங்கானில் பட்ட கறைக்கு எலுமிச்சம்பழச் சாறு போதும்: சித்திரிக்கமிலம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கறை கரைந்துவிடும்.